ஆராய்ச்சிக்குப் போட்ட சால்வை

திருச்செந்தூர் சாலையில் போகிற பேருந்தின் ஜன்னல் வழியாகத்தான் அந்த ஃப்ளெக்ஸை நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்த ஜாக்கெட்டுகளைப் பையோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் தங்கை வேலை பார்க்கும் கல்லூரி வாசலில், வேப்பமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவே அதை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கோட்டும் டையும் போட்ட ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அவருக்குப் பின்னால் ஒரு படகு, கொஞ்சம் கடல். கீழே கொட்டை எழுத்தில், புன்னக்காயல் மீன் விற்கும் மகளிரின் வணிக அறிவை உலகறியச் செய்த எங்கள் மேலாண்மைத் துறைத்தலைவருக்குப் பாராட்டு விழா என்று போட்டிருந்தது.

ஆள் ஏற்றப் பேருந்து அங்கே நின்றதால் நிதானமாக வாசிக்க முடிந்தது. பின் இருக்கையில் இருந்தவர் பக்கத்து ஆளிடம், "அண்ணாச்சி எலெக்ஷன்ல நிக்காரோ?" என்று கேட்டார். "இல்லவே, மீன்கடை தொறக்காரு போல" என்றார் அந்த ஆள். மற்ற நேரமாக இருந்தால் திரும்பி உட்கார்ந்து நானும் அந்தப் பேச்சில் கலந்திருப்பேன். யார் பேசினாலும் காதைக் கொடுப்பது என் பழக்கம். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் ஜனங்களின் வாயிலிருந்தும், துணி சுற்றி வருகிற பழைய தாள்களிலிருந்தும்தான். ஆனால் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

உலகறியச் செய்தவர் அவர் இல்லை, என் தங்கை. அந்த மனிதருக்குப் புன்னக்காயல் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால்கூடத் தெரியாது.

பேருந்திலிருந்தே அவளுக்கு போன் போட்டேன். உன் ஆராய்ச்சிப் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்டேன். இன்னும் வரவில்லை என்றுதான் எங்கள் துறைத்தலைவர் சார் முந்தாநாள்கூடச் சொன்னார் என்றாள்.

"அப்பம் உங்க காலேஜ் வாசல்ல தொங்குதது என்னதுட்டி?" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பேப்பரில் அவளுக்கு என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.ஏ. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற உதவிப் பேராசிரியை அவள். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய உத்தியோகம். உள்ளே பார்த்தால், வருடா வருடம் கோடை விடுமுறையில் நிர்வாகம் மனது வைத்து நீட்டித்தால்தான் அடுத்த வருடச் சோறு. நிரந்தரம் ஆக வேண்டுமென்றால், பெயருள்ள ஓர் ஆராய்ச்சி இதழில் கட்டுரை வர வேண்டும். அதில் தன் பெயர் முதலாவதாக இருக்க வேண்டும். அவர்கள் கல்லூரியின் விதி அது. இரண்டாவது, மூன்றாவது பெயரெல்லாம் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகிற சுற்றமும் நட்பும் மாதிரி, அழகுக்குத்தான்.

அந்த ஒரு கட்டுரைக்காகத்தான் அவள் புன்னக்காயலுக்கு அலைந்தாள். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். விடிகாலையில் கிளம்பி, பேருந்து மாறி, ஆறு கடலில் விழுகிற அந்த ஊரில் இறங்கும்போது கரையில் ஏலம் தொடங்கியிருக்கும். முதல் தடவை போனபோது கை நிறைய அச்சடித்த கேள்வித்தாள் வைத்திருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஐந்து கட்டம். முற்றிலும் உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றிலும் உடன்படவில்லை என்பது வரைக்கும் ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். மீன் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் அதை வாசிக்க, அந்தப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

அதில் ஒருத்திக்குப் பெரிய குரல். அவள் பேசினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கும். குரல்காரி அக்கா என்றே அவளை நாங்கள் வீட்டில் சொல்லுவோம். அவள் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எம்மா, காலையில இருக்க சாள மீனுக்கும் மத்தியானத்துச் சாளைக்கும் ஒரே கட்டத்துல டிக்கு போடச் சொல்லுதியே."

என் தங்கை சிவந்துபோனாள். நான் கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூடை மேல் உட்கார்ந்தேன். அந்த அக்காவின் ஜாக்கெட், கையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டையில் தையல் விட்டிருந்தது. தலைச்சுமை தூக்குகிறவர்களுக்கு அக்குளில் ஒரு துண்டு கூடுதலாக வைத்துத் தைக்க வேண்டும், உனக்குத் தைத்தவள் உன் உடம்பைப் பார்த்தாளே தவிர உன் வேலையைப் பார்க்கவில்லை என்றேன். அதிலிருந்து பேச்சு பிடித்துக்கொண்டது. தையல்காரியைத் திட்டினோம், பேருந்தில் மீன் கூடையோடு ஏறவிடாத கண்டக்டரைத் திட்டினோம், கடைசியில் வியாபாரத்துக்கு வந்து சேர்ந்தோம். தங்கை கேள்வித்தாளைப் பைக்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியால் எடுக்க முடியாத அளவுக்கு மீன் ஏலத்தில் வந்தால் பெண்கள் சேர்ந்து எடுத்துக்கொள்வார்கள். பிறகு மணலிலேயே கூறு வைப்பார்கள். ஒருத்தி குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீனைக் குவியல் குவியலாகப் பிரிப்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு சின்னப் பொருள் கொடுப்பார்கள். ஒரு ஊக்கு, ஒரு பஸ் டிக்கெட், வியர்வை துடைக்கிற லேஞ்சியின் ஓரத்தில் கிழித்த துணி, எதுவாக இருந்தாலும் சரி. அந்தப்பக்கம் திரும்பி நின்ற யாரையாவது கூப்பிட்டு, கூறுக்கு ஒன்றாக அதைப் போடச் சொல்வார்கள். எவள் பொருள் எந்தக் கூறில் விழுகிறதோ அது அவளுக்கு. பிரித்து வைத்தவளுக்கு மட்டும் பொருள் கிடையாது. மிஞ்சுவதுதான் அவளுக்கு.

என் தங்கை ஏன் அப்படி என்று கேட்டபோது குரல்காரி அக்கா சொன்ன பதில்தான் கட்டுரையின் உயிர்: "கூறு வைக்கவ கை சுத்தமா இருக்கணும்னா அவ கடைசியில எடுக்கணும். முதல்ல எடுக்க விட்டா, மாதாவே வந்து கூறு வச்சாலும் ஒண்ணு பெருசாத்தான் இருக்கும்."

இதை வைத்து அவள் எழுதினாள். ஒருத்தியோடு ஒருத்தி போட்டி போடுகிற வியாபாரிகள், எழுத்தும் சாட்சியும் இல்லாமல் எப்படிச் சேர்ந்து வாங்குகிறார்கள் என்பதைப் பற்றி. ஆங்கிலத்தில் எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். நான் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்பேன். அந்தப் பெண்கள் அப்படிச் சொல்லவில்லையே என்று சில இடங்களில் மடக்குவேன். மாற்றுவாள். சில இடங்களில், இது சொன்னது இல்லக்கா, நான் யோசிச்சது என்பாள். அப்போது அவள் முகத்தில் ஒரு மிதப்பு இருக்கும். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தத் துறைத்தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கல்லூரியில் யார் கட்டுரை எழுதினாலும் அவர் பெயரும் அதில் இருக்கும். அவர் அறைக்குள் வந்தால் மின்விசிறியைப் போடுவது மாதிரி அது ஒரு பழக்கம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை, அவரும் கேட்டு வாங்கியதில்லை. என் தங்கை தன் பெயரை முதலில் போட்டு, அவர் பெயரை இரண்டாவதாகப் போட்டாள். அதுவே துணிச்சல் என்று பேசிக்கொண்டார்களாம். ஆனால் இதழுக்கு அனுப்பும்போது, தொடர்புக்கு யாருடைய மின்னஞ்சல் என்று ஓர் இடம் வரும். அதில் அவருடையதைப் போட்டாள். சார் இருக்கும்போது என் மெயிலைக் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்றாள். துறையில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். பெரியவர் இருக்கும்போது வாசலுக்கு வந்த ஆளிடம் சின்னவர்கள் முந்திக்கொண்டு பேசுவோமா, அதே பழக்கம்தான் கம்ப்யூட்டர் வரைக்கும் வந்திருக்கிறது.

அந்த மரியாதைதான் அவளுக்குக் குழி. இதழிலிருந்து வந்த எல்லாக் கடிதமும் அவருக்குப் போனது. திருத்தம் கேட்டு வந்ததை மட்டும் இவளுக்கு அனுப்பினார். இவள் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாள். ஏற்றுக்கொண்டோம் என்று வந்ததை அனுப்பவில்லை. அச்சுக்கு முன்னால் சரிபார்க்கச் சொல்லி வந்ததையும் அனுப்பவில்லை. பெயர்களின் வரிசையை மாற்ற அந்த ஒரு இடம் அவருக்குப் போதும்.

கல்யாண வீட்டில் துணியைக் கொடுத்துவிட்டு, சாப்பிடச் சொன்னதைக்கூடக் காதில் வாங்காமல் வீட்டுக்குத் திரும்பினேன். தங்கை லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கட்டுரை அதில் திறந்திருந்தது. முதல் பெயர் துறைத்தலைவருடையது. இரண்டாவது பெயர், கல்லூரித் தாளாளரின் மருமகனுடையது. அந்தப் பையன் போன வருடம்தான் வெளிநாட்டிலிருந்து வந்து இயக்குநர் என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவன். மீன் சாப்பிடுவானா என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்றாவதாக என் தங்கை.

அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள், யாரோ எழுதியதை வாசிப்பது மாதிரி. முடித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்குல்லாக்கா" என்றாள்.

மறுநாள் போய் அவரிடம் கேட்டாள். என்னென்ன பேசினார் என்று சாயங்காலம் என் தையல் கடையில் உட்கார்ந்து சொன்னாள். உட்காரச் சொன்னாராம், காபி வரவழைத்தாராம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, நாம் எல்லாரும் ஒரே குடும்பம்மா, பெயர் எந்த இடத்தில் இருந்தால் என்ன, கட்டுரை வந்ததுதானே பெரிசு என்றாராம். இயக்குநருடைய பெயரைச் சேர்த்தது துறையின் நன்மைக்காகத்தான் என்றாராம்.

எந்த இடத்தில் இருந்தால் என்ன என்றால் அந்த மூன்றாவது இடத்தில் அவர் இருந்துகொள்ள வேண்டியதுதானே. இந்த ஒரு கேள்வியை அவள் கேட்டாளா என்று கேட்டேன். கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் தையல் மிஷினின் ஊசி உடைந்தது.

அவள் துறையிலேயே மூத்தவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர்தான். அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார். எனக்கும் இப்படி நடந்திருக்கிறது, ஆரம்பத்தில் தூக்கம் வராது, அப்புறம் பழகிவிடும் என்றாராம். துறைத்தலைவர் சொன்னதைவிட இதைக் கேட்டுத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடுகிறவனைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம். திருட்டுக் கொடுக்கப் பழகச் சொல்லித் தருகிறவரை எந்தப் பக்கம் வைப்பது?

ஒட்டுமொத்தமாக எல்லாப் பேராசிரியர்களும் இப்படித்தான் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வெற்றிலைக் கொடிக்கால்காரர்களோடு வெயிலில் அலைந்து எழுதுகிற ஒருத்தரை எனக்குத் தெரியும். கிழிந்த செருப்போடு என் கடைக்கு வந்து, அவர் மனைவியின் ஜாக்கெட்டை வாங்கிப் போவார். அவருக்கு யாரும் ஃப்ளெக்ஸ் கட்டியதில்லை. ஃப்ளெக்ஸ் கட்டுகிற இடத்தில் நடப்பது வேறு. என் தங்கையின் செல்போனில் துறையின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால், பொழுது விடிந்தால் ஒரு சாதனை. மலேசியாவில் கட்டுரை வாசித்தார் என்று ஒருவருக்குச் சால்வை போட்ட படம். அவர் வாசித்தது இங்கேயே மகாராஜ நகரில் அவர் வீட்டு மாடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. சிறந்த ஆராய்ச்சியாளர் விருது என்று இன்னொரு படம்; கொடுத்த சங்கத்தை அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே வரிசையாகப் பூங்கொத்தும் கைதட்டலும். தட்டாத கையை யார் யார் என்று பார்ப்பதற்கும் அங்கே ஆள் உண்டாம்.

விழாவுக்குச் சில நாள் முன்னால் துறைத்தலைவரே அவளைக் கூப்பிட்டுவிட்டார். புன்னக்காயல் பெண்களை விழாவுக்கு அழைத்து வர வேண்டும், மேடையில் அவர்களுக்கும் சால்வை போட்டுப் படம் எடுக்க வேண்டும், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றார். கல்லூரி வேனே அனுப்புகிறேன் என்றார். அனுப்பி என்ன செய்வது? யாரை ஏற்றுவது, எந்தத் தெருவில் நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. உலகறியச் செய்த பெண்களில் ஒருத்திகூட அவருக்கு அறிமுகம் இல்லை. அதற்கு என் தங்கை வேண்டும்.

சும்மா கேட்கவும் இல்லை. "இந்த விழா நல்லா நடந்துட்டுன்னா, உங்க நிரந்தர விஷயத்த தாளாளர்ட்ட நானே பேசுதேன். அடுத்த பேப்பர்ல நீங்கதான் முதல் பேரு" என்றிருக்கிறார்.

ஆக, விலை சொல்லிவிட்டார். அந்தப் பெண்களைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தினால் வேலை நிலைக்கும். நிறுத்தாவிட்டால் கோடை விடுமுறையோடு வீட்டுக்கு. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் நின்றுபோகப் போவது என் சம்பளம் இல்லையே. அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது; புருஷன் சவுதியில் வேலை போய்த் திரும்பி வந்து இன்னும் ஒன்றும் அமையவில்லை. வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் அவளே, போய் அவங்களைப் பார்த்துவிட்டாவது வருவோம் என்றாள்.

புன்னக்காயலில் ஏலம் முடிந்து, குரல்காரி அக்கா ஒரு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், பேப்பர் வந்துட்டா என்றுதான் கேட்டாள். தங்கை ஒளிக்கவில்லை. நடந்ததைப் பூராவும் சொன்னாள். விழாவுக்கு அழைத்து வரச் சொன்னதையும், அழைத்துப் போனால் தனக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொன்னாள். அக்கா அந்த ஆளைத் திட்டுவாள், கொஞ்சம் வயிறு குளிரும் என்று நான் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"உன் பேரு மூணாவது. சரி. எங்க பேரு எத்தனாவது?" என்று கேட்டாள்.

தங்கை தடுமாறினாள். ஆராய்ச்சியில் தகவல் சொன்னவர்களின் பெயரைப் போடக்கூடாது, அவர்களுக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது என்று மறைக்க வேண்டும், அதுதான் முறை என்று விளக்கினாள். உங்களை அதில் ஏழாம் பங்கேற்பாளர் என்று எழுதியிருக்கிறேன் என்றாள்.

"ஏழா? எனக்கு முன்னால ஆறு பேரு யாருட்டி?" என்றாள் அவள். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு முள் இருந்தது. மறைக்கணுமா வேண்டாமா என்று எங்களிடம் யாராவது கேட்டீர்களா என்று அப்புறம் மெதுவாகக் கேட்டாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். கேட்கவில்லை என்று தங்கை ஒத்துக்கொண்டாள். அதுவரைக்கும் என் கோபம் நேராக ஒரே மனிதர் மேல் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அதற்கு வழி தெரியாமல் கொஞ்சம் நின்றது.

அவளே பேச்சை முடித்தாள். மேடை ஏறச் சொன்னால் ஏறுகிறேன், மற்றவர்களையும் கூட்டி வருகிறேன், ஆனால் நீ கூப்பிட்டால்தான் வருவேன், அந்த ஆள் கூப்பிட்டு இல்லை என்றாள். உன் வேலைக்காக என்றால் எனக்கு ஒரு நாள் வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்றும் சொன்னாள்.

தங்கை மறுத்தாள்: "வேண்டாம்க்கா. உங்கள அங்கன கொண்டுபோயி நிறுத்துனா, அவரு எழுதுனதுதான்னு ஆயிரும்."

திரும்பி வரும் பேருந்தில் அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன். பெரிய காரியம் செய்துவிட்டவள் மாதிரியெல்லாம் அவள் இல்லை. காய்ச்சல்காரி மாதிரி இருந்தாள்.

விழாவுக்கு நானும் போனேன். ஆசிரியர்களின் குடும்பத்தாரும் வரலாம் என்று அழைப்பில் இருந்தது. ஏசி போட்ட மண்டபம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் பட்டுச் சால்வைகள் தட்டில் அடுக்கி இருந்தன, மீன்காரப் பெண்களுக்கு என்று வாங்கியது தனியாக, சாதாரணச் சால்வைகள். துணி என் தொழில், தூரத்திலிருந்தே தெரிந்தது.

மேடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் துறைத்தலைவர் என் தங்கையைப் பிடித்து, அவங்க எங்கே என்று கேட்டாராம். கூப்பிடவில்லை என்று அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவர் முகம் மாறியது தெரிந்தது. அந்த மாற்றம் ஒரு நொடிதான். மேடை ஏறி மைக்கைப் பிடித்ததும் சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. தாளாளரை வணங்கினார், இயக்குநரின் பேரறிவைப் புகழ்ந்தார். பிறகு, இந்த ஆராய்ச்சிக்குத் துணை நின்ற நம் மீனவச் சகோதரிகள் இன்று வருவதாக இருந்தது, கடல் சீற்றம் காரணமாக அவர்களால் வர இயலவில்லை என்றார்.

கடல் சீற்றம். அந்தப் பெண்கள் வர வேண்டியது பேருந்தில். மண்டபம் கைதட்டியது, சகோதரிகளுக்காக இரக்கப்பட்டுக் கைதட்டியது.

ஆசிரியர்கள் வரிசையில் என் தங்கை எழுந்து நின்றாள். அவளிடம் மைக் இல்லை. அவளுக்குப் பெரிய குரலும் இல்லை.

"கடல் நல்லாத்தான் சார் இருக்கு. நான்தான் கூப்பிடல. அவங்களுக்கு உங்கள யாருன்னே தெரியாது."

கைதட்டல் ஓய்ந்திருந்ததால் கடைசி வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. தலைகள் திரும்பின. அவளுக்குப் பக்கத்தில் இருந்த, பழகச் சொன்ன அந்த மூத்தவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு அடுத்த நிகழ்ச்சியாகப் பொன்னாடை போர்த்துதல் என்று அறிவிப்பு வந்தது, ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டார்கள். அவர் தோளில் சால்வை விழுந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே நானும் போனேன். வாசலில் அந்த ஃப்ளெக்ஸ் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. கிழித்துப் போட எனக்குக் கை வந்தது. வேண்டாம்க்கா, பிள்ளைகள் பார்க்கும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கோடை விடுமுறையில் மற்றவர்களுக்கு நீட்டிப்பு வந்தது, அவளுக்கு வரவில்லை. காரணம் கேட்டதற்கு, நிறுவனத்தோடு ஒத்துப்போகும் மனப்பான்மை போதவில்லை என்றார்களாம். அதே வாரத்தில் இயக்குநருக்கு இன்னொரு விருது. இதழுக்கு அவள் எழுதிப் போட்டாள், தான் எழுதிய முதல் வரைவிலிருந்து எல்லாவற்றையும் இணைத்து. பெயர் வரிசை பற்றிய கருத்து வேறுபாட்டைக் கட்டுரையாசிரியர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுமாறு அன்போடு பதில் வந்தது. யாரோடு பேச வேண்டும் என்றால், எடுத்தவரோடேயே பேச வேண்டுமாம். எடுத்தவர் அதற்குச் சம்மதித்தால் மாற்றித் தருவார்களாம். படித்தவர்களின் ஊரில் பஞ்சாயத்து இப்படி இருக்கிறது.

இப்போது அவள் வேறு கல்லூரிகளுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய் வருகிறாள். எல்லா இடத்திலும் முதல் பெயரில் கட்டுரை உண்டா என்றுதான் கேட்கிறார்கள். நடந்ததைச் சொன்னால், எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் துறைத்தலைவர்கள்தானே, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களாம். மற்ற நேரங்களில் என் கடையில் உட்கார்ந்து புதிதாக ஒன்று எழுதுகிறாள். இந்தத் தடவை புன்னக்காயலுக்குப் போய் ஒவ்வொருத்தியிடமும், உன் பெயரைப் போடலாமா, மறைக்கவா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்கினாள். தொடர்புக்கு அவளுடைய மின்னஞ்சல்.

நான் இதை எழுதியபோது அந்த மனிதரின் பெயரை முழுதாக, பட்டங்களோடு எழுதியிருந்தேன். கல்லூரியின் பெயரையும் எழுதியிருந்தேன். தங்கை வாசித்துவிட்டு இரண்டையும் அடித்தாள். கேஸ் போட்டால் யார் அலைவது, நான் இந்த ஊரில்தானே வேலை தேட வேண்டும் என்றாள். அவள் சொல்வது சரிதான். சரியாக இருப்பதால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது. எங்கள் வீட்டுச் சோற்றை எடுத்தவரின் பெயரை நாங்களே பொத்திப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது.

அவர் பெயர் போன பிறகு குரல்காரி அக்காவின் பெயரையாவது போட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு அது ஒரு குறை அல்லவா. போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்த ஆள் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றேன், காரணத்தையும் சொன்னேன்.

"அப்பம் எம் பேரும் வேண்டாம்மா. அந்த ஆளு பேர என்னைக்குப் போடுதியளோ, அன்னைக்குப் பக்கத்துலயே எம் பேரயும் போடுங்க. சண்டன்னா ரெண்டு பேரு வேணும்லா" என்று சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்தாள்.